பிள்ளை வளர்ப்பும் வெடிமருந்தும்: தொலைபேசி வழி மனநல ஆலோசனையை முன்வைத்துச் சில கேள்விகள்

'பேரன்டிங்' என்றொரு சொல் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துக் காலனித் தெருக்களுக்குத் தார் ரோடு வர நாற்பது ஐம்பது வருஷம் பிடித்தது. இந்தச் சொல் கைபேசி வழியாக நாலைந்து வருஷத்தில் வந்துவிட்டது. பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, கோபத்தை எப்படி அடக்குவது, புருஷன் பெண்டாட்டி சண்டை பிள்ளையின் மனசை எப்படிப் பாதிக்கும் என்றெல்லாம் சொல்லித் தருகிற ஆட்கள் திரைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு சொல்கிறவர்கள் உண்டு. காசில்லாமல் அரசு எண்ணில் சொல்கிறவர்களும் உண்டு. 'இதெல்லாம் மேட்டுக்குடிச் சரக்கு' என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியவில்லை. ஒரு தாய் தன் வீட்டுத் துயரத்தை முகம் தெரியாத ஒருவர் காதில் சொல்கிறாள். கேட்டவர் அதை என்ன செய்ய வேண்டும்? கேட்டதோடு அவர் கடமை முடிந்துவிட்டதா? இதுதான் என் கேள்வி. கேள்வி சின்னதுதான். பட்டாசுக் கம்பெனி வேலிக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் அவ்வளவு சின்னதாகத் தெரியாது.

முதலில் ஒரு பழைய கணக்கைப் பார்த்துவிட வேண்டும். பிள்ளை வளர்ப்பைப் பற்றி எங்கள் ஆட்களிடம் வெளியிலிருந்து யாராவது பேச வருவது இது முதல் தடவை அல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தது 1922-23இல். (அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னால், 1899இல், கோயில் நுழைவுத் தகராறில் தாக்கப்பட்டு வீடிழந்த சமூகம் அது. தடுக்கப்பட்டவர்கள் எழுந்து நின்ற கதையில் எனக்கு மரியாதை உண்டு. எழுந்து நின்றவர்கள் பிறகு யாரை எந்த அறைக்குள் உட்கார வைத்தார்கள் என்று கேட்கிற உரிமையும் உண்டு.) தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, அச்சுத்தொழில் வந்தது, 'குட்டி ஜப்பான்' என்ற பேரும் வந்தது. மழை பொய்த்த கரிசல் காட்டில் வெள்ளாமை இல்லாத கிராமங்களிலிருந்து விடியும் முன்னே பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக பஸ் வந்தது. எங்கம்மா எட்டு வயசில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினவள். அம்மாச்சி மூன்றரை மணிக்கு எழுப்பி, தூக்கத்தில் தலை தொங்கத் தொங்கக் கஞ்சியை ஊற்றி, பஸ்ஸில் தூக்கிப் போடுவாளாம்.

அந்தக் காலத்துப் பிரசங்கங்களை எல்லாம் எடுத்துப் பாருங்கள். பிள்ளைத் தொழில் பற்றிய அறிக்கைகள், பத்திரிகைக் கட்டுரைகள், மேடைப் பேச்சுகள் பலவற்றிலும் முதல் குற்றவாளி யார்? பெற்றோர். குடிகாரத் தகப்பன், பேராசைக்காரத் தாய், படிப்பின் அருமை தெரியாத சனம். முதலாளி இரண்டாவதாகத்தான் வருவான். அரசு கடைசியில் வரும், அதுவும் உபகாரியாக வரும். 1991 ஜூலையில் மீனம்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. அதற்கு முன்பே எம்.சி. மேத்தா போட்டிருந்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்தவன் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அரசு அந்தக் குடும்பத்தில் வயசு வந்த ஒருவருக்கு வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. எத்தனை வீட்டுக்கு அந்த வேலை வந்தது என்று எங்கள் தெருவில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தீர்ப்பில் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளை வேலைக்குப் போவதற்குக் காரணம் தாயின் மனசில் இல்லை, அடுப்பில் இருக்கிறது என்பதை அது ஒத்துக்கொண்டது.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. பஸ்ஸில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்க முடியாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி வேனுக்கு ஓடுகிற தாய்மாருக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று ஊர்ப்பக்கம் வந்து பார்த்தால்தான் தெரியும். எங்களுக்கு இதுவரை கிடைத்த பிள்ளை வளர்ப்பு ஆலோசனைகளிலேயே சிறந்தது அந்தத் தட்டில் விழுகிற உப்புமாதான் என்று நான் கூட்டங்களில் சொல்வதுண்டு. யாரையும் குறை சொல்லாமல், யாருக்கும் புத்தி சொல்லாமல் ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறது அது.

ஆனால் பிள்ளை வெளியே வந்துவிட்டான், தாய் உள்ளே இருக்கிறாள். மருந்து அறையிலும் மணி மருந்து அலசுகிற இடத்திலும் சரவெடி பின்னுகிற கொட்டகையிலும் இருப்பது அந்தப் பிள்ளையின் தாயும் தகப்பனும். அன்றைக்குப் பெற்றோரை நீட்டிக் காட்டிய விரல் இன்றைக்கு மடங்கிவிட்டதா? மடங்கவில்லை. குரல் மட்டும் மென்மையாகியிருக்கிறது. 'ஏன் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறாய்?' என்றது பழைய குரல். 'பிள்ளையோடு தினமும் எவ்வளவு தரமான நேரம் செலவிடுகிறீர்கள்?' என்கிறது புதிய குரல்.

கற்பனையாகச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அக்காவின் பேரும் ஊரும் வேண்டாம். புருஷன் பட்டாசு வெடிவிபத்தில் இறந்துபோனார். மூடித் தைத்த மூட்டையாகத்தான் வீட்டுக்கு வந்தார். முகத்தைக் காட்டவில்லை. பையனுக்கு அப்போது பதினோரு வயசு. அதற்குப் பிறகு அவன் பேசுவது குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றே போனது. பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று வாசல்படியில் உட்கார்ந்துகொள்வான். அம்மா வேலைக்குக் கிளம்பினால் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். ராத்திரியில் பாயை நனைத்தான். டீச்சர் ஒருவர், நல்ல மனுஷி, ஆலோசகரிடம் பேசச் சொல்லி ஒரு தொண்டு நிறுவனம் மூலம் வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்தார். முதல் அமர்வு இலவசம். அடுத்ததற்கு அவர்கள் கேட்ட தொகை அக்காவின் இரண்டு நாள் கூலி.

அழைப்பு வரும் முன்னே ஒரு பிரச்சினை. எங்கே உட்கார்ந்து பேசுவது? 'தனியான, அமைதியான அறையில் அமர்ந்திருங்கள்' என்று செய்தி வந்திருந்தது. ஒற்றை அறை வீடு. மாமியார் கட்டிலில் கிடக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் வீடு. அந்த மருத்துவ முறையே ஒரு தனி அறையை வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் என்னுடைய போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். குடம் தூக்கி வந்த நாலு பேர் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஆலோசகர் இளம்பெண். கனிவாகப் பேசினார். பையன் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறான், குறைக்கப் பாருங்கள் என்றார். (போனில்தான் சொன்னார்.) வீட்டில் அவனோடு விளையாடுங்கள், தினமும் அரை மணி நேரமாவது அவனுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள், நீங்கள் பதற்றமாக இருந்தால் பிள்ளையும் பதற்றமாகும், உங்களுக்கென்றும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மூச்சை நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விடச் சொல்லிக் கொடுத்தார். வெடிச் சத்தம் கேட்டால் பயப்படுகிறான் என்றதற்கு, அந்தச் சமயத்தில் சத்தமில்லாத இடத்துக்கு அழைத்துப் போங்கள் என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சுற்றிலும் பட்டாசு ஆலைகள். சரக்கைச் சோதிக்கிற சத்தம் வருஷம் பூராவும் உண்டு. எந்தத் திசையில் அழைத்துப் போவது?

ஆலோசகர் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

அக்கா சொன்ன பதில்: "தையல் வேல மேடம்."

பொய். அக்கா சரம் பின்னுகிறவர். புருஷன் செத்து நாற்பது நாளில் வேறொரு பயர் ஆபீஸுக்குப் போய்விட்டார். எண்ணிக்கைக்குக் கூலி. வாங்கின முன்பணம் இன்னும் கழியவில்லை. வீட்டுக்காரர் பேரில் வாங்கினதும் சேர்த்து நிற்கிறது. 'ஏங்கா பொய் சொன்ன?' என்று பிறகு கேட்டேன். "அங்கதான போறேன்னு சொன்னா, போகாதீங்கன்னு சொல்லுவாக. போகாட்டி சோறு எங்கருந்து வரும்னு நான் கேக்கணும். அவுகளுக்கும் பதில் தெரியாது. பாவம், நல்ல புள்ளயா இருக்கு, அத எதுக்குச் சங்கடப்படுத்த?" என்றார்.

நோயாளி மருத்துவரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுகிறாள். பலமுறை யோசித்துப் பார்த்தேன். அந்தப் பையனின் வாயைக் கட்டியிருப்பது எது என்று அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அப்பாவைத் தின்ற இடத்துக்கு அம்மா தினமும் போகிறாள். சாயங்காலம் வேன் வருகிற வரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாளா என்பது அவனுக்குத் தெரியாது. இதை 'பதற்ற நோய்' என்று எழுதலாம். ஆனால் 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 38 பேர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். 2023 அக்டோபரில் ஒரே நாளில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் 14 பேர். 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டியில் 10 பேர். 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. பையனுடையது நோயா? அவன் கணக்கு சரியாகப் போடுகிறான். ஓர் அறைக்கு நான்கு பேர் என்பது விதி. அதற்கு மேல் ஆட்களை உட்கார வைப்பதும், உள்குத்தகைக்கு விடுவதும், மரத்தடியில் வைத்து மருந்து செலுத்துவதும் விபத்துக்குப் பிந்திய விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிவருகிற விஷயங்கள். அவனுடைய பயம் போக வேண்டுமென்றால் அறைக்கு நாலு பேராகக் குறைக்க வேண்டும். நாலு எண்ணி மூச்சு விடுவதால் அது குறையாது.

இந்த இடத்தில் தோழர்கள் தலையாட்டுவார்கள் என்று தெரியும். 'அதைத்தான் நாங்களும் சொல்கிறோம், சமூகத்தை மாற்றாமல் மனசை மாற்றி என்ன பயன்?' என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பேச்சை எத்தனையோ அரங்கக் கூட்டங்களில் கேட்டுவிட்டேன். பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 'போராட்டம்தான் மருந்து' என்று சொல்கிற ஆணுக்கு, ராத்திரி இரண்டு மணிக்குப் பாயை மாற்றிப் போடுகிற வேலை இல்லை. துயரம் என்பது நடுத்தர வர்க்கத்தின் சொகுசு, நம் சனத்துக்குக் கோபம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் இயக்கங்களுக்குள் ஊறிக் கிடக்கிறது. அம்பேத்கர் தம் ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்தவர். 1926இல் கடைசி மகன் ராஜரத்தினம் இறந்தபோது நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அதில் தன் துக்கத்தை மறைக்கவில்லை. மறுவருஷம் மகாடு குளத்தில் தண்ணீர் அள்ளியதும் அதே கைதான். துக்கத்தைச் சொல்ல ஒரு காது அவருக்கும் தேவைப்பட்டது. நம்ம அக்காவுக்குத் தேவைப்படாதா?

அந்த அழைப்பில் அக்காவுக்குக் கிடைத்ததும் ஒன்று உண்டு. முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "என்னய 'சொல்லுங்க, இருங்க'ன்னு பேசுனாக, பாத்தியா?" என்றார். முப்பத்தேழு வயசில், வீட்டுக்கு வெளியே, படித்த ஒருத்தர் தன்னை 'ங்க' போட்டுப் பேசியதை ஓர் அதிசயமாகச் சொன்னார். போர்மேன் 'ஏ பிள்ள' என்பான். இதே பையனை முதலில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, சீட்டு எழுதுகிற இடத்தில் ஊர் பேரைக் கேட்டார்கள். ஊர் பேரைச் சொன்னதும் 'எந்தத் தெரு?' என்றார்கள். நோய்க்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? நமக்குத் தெரியும். தெருவைச் சொன்ன பிறகு குரல் எப்படி மாறும் என்பதும் தெரியும். போனில் தெரு இல்லை. 'மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017' சாதியின் பேரால் பாகுபாடு காட்டாமல் சிகிச்சை தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. சட்டத்தில் எழுதியதைக் காட்டிலும், தெருவைக் காட்டாத அந்தக் கம்பியில்லாத கம்பிதான் அக்காவுக்கு உதவியது. முழுசாக மறைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. நாலு வார்த்தை பேசினால் நம் பேச்சே தெருவைக் காட்டிக்கொடுக்கும். ஆனாலும் ஒரு நாலு வார்த்தைக்காவது அவள் வெறும் தாயாக இருக்க முடிகிறது.

இல்லாதபோது என்ன நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில்தான் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். குடும்பங்கள் அவர்களைக் கொண்டுபோய் விட்டதற்குக் கொடுமை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. போவதற்கு வேறு இடமும் இல்லை. அதற்குப் பிறகு நல்ல காரியங்களும் நடந்தன. சென்னையிலிருக்கிற 'ஸ்கார்ப்' அமைப்பு 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரை, திரையில் மருத்துவர், பஸ்ஸிலேயே மருந்து. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது. பெங்களூரு 'நிம்ஹான்ஸ்' அதற்கு வழிகாட்டுகிறது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழிலேயே பேசுகிறார்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், காசு கிடையாது. பிற்பாடு அக்காவுக்கு இந்த எண்ணைத்தான் எழுதிக் கொடுத்தேன். செல்போன் கொழுந்தன் கையில் இருக்கிற வீட்டில் இந்த எண் எப்படிப் பயன்படும் என்பது வேறு கதை.

இனி பேயைப் பற்றிக் கொஞ்சம். சிரிக்காதீர்கள். முகம் தெரியாத குரலிடம் பேசுவது எங்கள் பெண்களுக்குப் புதுசு அல்ல, அதனால்தான் சொல்கிறேன். பேய் பிடித்த பெண்ணை உட்கார வைத்து கோடாங்கி உடுக்கை அடிக்கும்போது நடப்பது என்ன? 'நீ யாரு? எங்கருந்து வந்த? எதுக்கு இவளப் பிடிச்ச?' என்று கேட்கிறான். விசாரணைதான். அவள் வாயிலிருந்து இன்னொருத்தி பேசுகிறாள். மாமியாரை, புருஷனை, களத்து மேட்டில் வழிமறித்த பெரிய வீட்டுக்காரனை எல்லாம் பேர் சொல்லித் திட்டுகிறாள். மறுநாள் யாரும் அவளிடம் கணக்குக் கேட்க முடியாது. பேசினது பேய். பாமாவின் 'சங்கதி' (1994) பேய் பிடித்தல் என்பதை நம் பெண்கள் சுமக்கிற பாரத்தோடு சேர்த்து யோசித்த நூல். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற சிறுமி மைக்கண்ணியும் அதே நூலில் வருகிறாள். இரண்டும் ஒரே நூலில் இருப்பதைத் தற்செயலாக நான் பார்ப்பதில்லை.

கோடாங்கியை நான் நியாயப்படுத்தவில்லை. வேப்பங்குழையால் அடி வாங்கிய பெண்களின் முதுகைப் பார்த்தவள் நான். சூடு வைக்கப்பட்டவர்களும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பேயாடும்போது அவள் வேறொருத்தியின் பேரில் பேசினாள், ஊரே கேட்டது. போனில் அவள் பேரே இல்லாமல் பேசுகிறாள், ஒரே ஒருத்தர் கேட்கிறார். அங்கே ரகசியம் இல்லை, அதனால் மரியாதை இல்லை. இங்கே மரியாதை இருக்கிறது, ஆனால் ஊர் கேட்கவில்லை. யார் கேட்க வேண்டுமோ அவர்கள் காதில் விழாமலே அது போய்விடுகிறது.

என் கேள்வியின் முள் இங்கேதான் குத்துகிறது. ரகசியம் காப்பது ஆலோசகரின் முதல் கடமை. 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு அதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. எங்கள் பெண்களுக்கு அது உயிர். உள்ளூர் நர்ஸிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊர் மந்தைக்கு வந்துவிடுகிற இடத்தில், வாயைத் திறக்க வைப்பதே ரகசியம்தான். அதே ரகசியம் இன்னொரு காரியத்தையும் செய்கிறது. நூறு தாய்மார் நூறு ராத்திரியில் ஒரே கதையைச் சொல்கிறார்கள். முன்பணம், மருந்து அறை, சாயங்கால வேன், பேசாத பிள்ளை. நூறு காதும் அதை வாங்கித் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறது. நூறும் தனித்தனி வீட்டுப் பிரச்சினையாக, 'குடும்பமும் பிள்ளை வளர்ப்பும்' என்ற தலைப்பின் கீழ் முடிந்துபோகிறது. தாயைக் காப்பாற்றுகிற ரகசியமே முதலாளியையும் காப்பாற்றுகிறது. கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் தேவையில்லை. நன்றாக, கனிவாகக் கேட்டாலே போதும், இது நடந்துவிடும்.

இதற்கு என்ன செய்வது? பிரான்ஸ் பனான் நினைவுக்கு வருகிறார். கறுப்பின மனநல மருத்துவர். 1953இல் அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனைக்கு வந்தவர், ஒரு மக்கள் கூட்டத்தையே சொந்த மண்ணில் அந்நியராக்குகிற ஆட்சியில் மனசைச் சரிசெய்யும் வேலைக்குப் பொருளில்லை என்று 1956இல் ராஜினாமா செய்தார். நம் தோழர்களுக்கு அந்த ராஜினாமா ரொம்பப் பிடிக்கும். அதற்குப் பிறகு அவர் துனிசியாவுக்குப் போய் அங்கேயும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. அவர் ஆஸ்பத்திரியை விட்டார், காதை மூடவில்லை. தான் கேட்டவற்றை, பேர்களைத் தவிர்த்து, எழுதினார். நோயாளியின் மனசுக்குள் நடந்ததையும் வெளியே நடந்த சித்திரவதையையும் ஒரே பக்கத்தில் வைத்தார்.

நம் சட்டத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரியவந்தால், தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும். ஆலோசகரும் ரகசியம் என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. அதன் நடைமுறையில் சிக்கல்கள் உண்டு, பெண்கள் அமைப்புகளே விமர்சித்திருக்கின்றன. ஆனால் அதன் பின்னால் இருக்கிற தர்மம் தெளிவானது. பிள்ளைக்கு ஒருவன் தீங்கு செய்கிறான் என்று கேட்ட காதுக்கு ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. சரி, பிள்ளைக்குத் தீங்கு செய்வது ஒரு ஆளாக இல்லாமல் ஒரு அறையாக, ஒரு உள்குத்தகையாக இருந்தால்? அப்போது கேட்ட காதுக்குப் பொறுப்பு இல்லையா? 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர், பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரைக்கும் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். நல்லது. வரவேற்கிறேன். தகப்பன் செத்த பிறகு பிள்ளைக்கு ஒரு கடன்பாடு இருக்கிறது என்று அரசு ஒத்துக்கொண்டது. தாய் இன்னும் சாகாமல் அதே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற பிள்ளைக்கு என்ன கடன்பாடு?

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்த வட்டாரத்திலிருந்து பேசுகிற தாயிடம் வேலை என்ன என்று கேட்டால், அவள் தைரியமாகப் பதில் சொல்கிற மாதிரிக் கேளுங்கள். 'அந்த வேலைக்குப் போகாதீங்க' என்ற பதில் வராது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். 'அங்க அறைக்கு எத்தன பேரு?' என்ற அடுத்த கேள்வி வரும் என்று தெரிய வேண்டும். பேரும் ஊரும் இல்லாமல், இத்தனை தாய்மார், இத்தனை பிள்ளைகள், இன்ன தொழில், இன்ன பயம் என்று எண்ணிக்கையை வருஷத்துக்கு ஒரு தரம் மாவட்டவாரியாக வெளியிடுங்கள். தொழிற்சாலை ஆய்வாளர் மேசைக்கும் ஆட்சியர் மேசைக்கும் அது போகட்டும். ஆலோசகர்களாகச் சேரியிலிருந்து படித்து வந்த பிள்ளைகளை எடுங்கள். விருதுநகரில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உளவியலும் சமூகப் பணியும் படித்துவிட்டுப் பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 'தரமான நேரம்' என்பதற்கு அவர்கள் வேறு அர்த்தம் சொல்வார்கள். எட்டு மணி நேர வேலை, முன்பணம் இல்லாத கூலி என்று சொல்வார்கள்.

ஆலோசனைத் துறையில் இருக்கிற ஒரு தோழியிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். அவர் மறுப்பில் நியாயம் உண்டு. எழுதி வைக்கிறார்கள் என்று தெரிந்தாலே பெண்கள் பேசப் பயப்படுவார்கள். பேர் இல்லாவிட்டாலும், சின்ன ஊரில் 'விபத்தில் கணவரை இழந்தவர், ஒரு மகன்' என்றால் யாரென்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். வேலை போகும். அந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள், இருக்கிற ஒரு காதும் போய்விடும் என்றார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வழி இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அதை நானும் அந்தத் தோழியும் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. சொல்கிறவள்தான் முடிவு செய்ய வேண்டும். எதைப் பூட்டி வைப்பது, எதைத் திறந்து விடுவது என்று அவளிடம் கேட்கவே இல்லையே. ரகசியம் அவளுடையது என்று சட்டம் சொல்கிறது என்றால், அதை உடைக்கிற உரிமையும் அவளுடையதுதானே.

அதனால் அக்காவிடமே கேட்டேன். நீ சொன்னதை எழுதலாமா, எவ்வளவு எழுதலாம் என்று. சரக்கட்டு நூலைப் பல்லில் கடித்து அறுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான், பேசாமல். "எம் பேரப் போடாத தங்கச்சி. இவம் பேரையும் போடாத. எங்க வீட்டுக்காரரு பேரயும் வேணாம், அவுக அம்மா வருத்தப்படும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு ரூம்புக்குள்ள எத்தன பேரு இருக்கோம்னு போடு. அதப் போடலாம். பதினோரு பேரு" என்றார்.